பத்தரைக்குப் பிறகு சார்ஜ் போடச் சொன்னேன்

பதுளை மின்சார அலுவலகத்தில் என் பழைய மேசைக்கு இப்போது மூன்று பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் இருந்த காலத்தில் அந்த மேசைக்கு ஒருத்தியே போதும். மின்சாரக் கார் வாங்கியவர்கள் மாதத்துக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம். இப்போது வரிசை வாசல் வரை நிற்கிறதாம். புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் பிரிவிலிருந்து கேட்டார்கள். படிவத்தை எப்படி நிரப்புவது, மீட்டர் மாற்ற யாருக்கு எழுதுவது என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அது சுற்றறிக்கையில் இருக்கிறது. சுற்றறிக்கையில் இல்லாத இரண்டு சங்கதிகளை மட்டும் எழுதுகிறேன். முதலாவதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். இரண்டாவதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்து போய்விட்டேன்.

நம் மேசையின் வேலை பார்க்க எளிது. வீட்டுக்கு இரண்டு விதமான கட்டணம் உண்டு. ஒன்று சாதாரணக் கட்டணம். மாதத்தில் எவ்வளவு அதிகம் பாவிக்கிறோமோ, அவ்வளவுக்கு ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். மற்றது நேரக் கட்டணம். மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை உச்ச நேரம், அப்போது விலை கடுமை. பத்தரையிலிருந்து விடியற்காலை ஐந்தரை வரை மலிவு. பகல் இரண்டுக்கும் நடுவில். கார் வாங்கியவர் வந்து "எது மிஸ் எனக்கு நல்லது?" என்று கேட்பார். கார் இரவில் நிற்கும், இரவில் மின்சாரம் மலிவு, ஆகவே நேரக் கட்டணம். கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. அப்படித்தான் நானும் தொடங்கினேன்.

பண்டாரவளையில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவருக்கு அப்படி எழுதிக் கொடுத்தேன். கார் பெரியது, ஓட்டமும் அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவருக்கு நல்ல மிச்சம். அவரும் மகிழ்ச்சியாகப் போனார். இரண்டாம் மாதம் அவருடைய மனைவி வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"மிஸ், நீங்கதானே என் வீட்டுக்காரருக்கு இந்த நேர மீட்டர எழுதிக் குடுத்தது?"

"ஆமாங்க. ஏதும் பிரச்சினையா?"

"பிரச்சினை ஒன்னும் இல்ல. வீட்ல வெளிச்சந்தான் இல்ல."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு புகாரும் இல்லாத குரலில் சொல்லத் தொடங்கினார். அவருடைய கணவர் மாலை ஆறு இருபத்தைந்துக்குக் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாராம். மெயின் சுவிட்சுக்குக் கீழே நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்காருவாராம். சரியாக ஆறரைக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவாராம். பத்தரைக்குத்தான் திரும்ப ஏறும்.

"அஞ்சரைக்கே ராச்சோறு திங்கிறோம், கோழி அடையிற நேரத்துக்கு. பெரியவ ஏ.எல். சோதனைக்கு படிக்கிறா. தலையில டோர்ச் கட்டிக்கிட்டு படிக்கிறா மிஸ், சுரங்கத்துல வேல செய்றவன் மாதிரி. மாமியார் குளிக்க சுடுதண்ணி கேட்டா, பத்தரைக்கு அப்பறம் குளிங்கங்குறாரு. எழுபத்தெட்டு வயசு, பண்டாரவளை குளிரு."

"நீங்க அவர்கிட்ட ஒன்னும் சொல்லலையா?"

"சொன்னேன். இந்த வீட்ல யாராவது பல்பு போட்டா, பதுளையில இருக்க அந்த மிஸ்ஸு மூஞ்சியில எப்படி முழிப்பேங்குறாரு."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் சேர்ந்து பழைய கட்டணத்துக்குத் திரும்ப விண்ணப்பம் எழுதினோம். கணவரின் கையெழுத்து வேண்டும் என்றேன். "அத நான் வாங்கித் தாறேன்" என்று சொல்லி எழுந்த விதத்தில், மறுநாளே வந்துவிடும் என்று தெரிந்தது. வந்தது.

அன்றிலிருந்து நான் காரைப் பற்றி முதலில் கேட்பதை விட்டுவிட்டேன். ஆறரைக்கும் பத்தரைக்கும் நடுவில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் என் முதல் கேள்வி. அதையும் கார் வாங்கியவரிடம் கேட்க மாட்டேன். வீட்டில் யார் அடுப்படியில் நிற்கிறாரோ அவரை அழைத்து வரச் சொல்வேன், அல்லது அங்கேயே போன் போட்டுப் பேசுவேன். கட்டணம் காருக்கு மட்டும் மாறுவதில்லை. அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் மாறுகிறது. மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிற வீடு, படுக்கையில் நோயாளி இருக்கிற வீடு, எல்லாரும் வேலை முடிந்து வந்து ஒரே நேரத்தில் குளிக்கிற வீடு, இவற்றுக்கெல்லாம் நான் நேரக் கட்டணத்தைச் சிபாரிசு செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வர மட்டும் காரை எடுக்கிற ஒருவரை, "நீங்க இப்படியே இருங்க சேர்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படி ஓரிரண்டு வருடம் போனது. ஒருவரும் திரும்பி வந்து குறை சொல்லவில்லை. எனக்கு இந்த வேலை முழுவதும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். இனி என் மகளின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு ஹப்புத்தளை டவுனுக்கு மேலே, தேயிலை மலை முடிகிற இடத்தில் இருக்கிறது. மகள் தர்ஷினி ஹல்துமுல்லையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஹப்புத்தளையிலிருந்து பெரகல சந்திக்கு இறங்கி, அங்கிருந்து இன்னும் கீழே இறங்கினால் ஹல்துமுல்லை. காலையில் முழுதும் இறக்கம், மாலையில் முழுதும் ஏற்றம். அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்கள், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி நாட்கள் மூடுபனி வேறு.

அவள் ஒரு பாவித்த மின்சாரக் கார் வாங்கினாள். ஜப்பானிலிருந்து வந்தது. முகப்புத் திரையில் வருகிற எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. இலக்கம் மட்டும்தான் நமக்குப் புரியும். எனக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை. சத்தம் இல்லாமல் வருகிற வண்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு அதுதான் பிடித்தது.

"இறக்கத்துல பிரேக்கே தேவையில்லம்மா. கால எடுத்தா போதும். யாரோ பின்னால இருந்து சட்டைய புடிச்சு இழுக்கிற மாதிரி வண்டி தானா நிதானிக்கும்."

"யாரு இழுக்குறா?"

"யாரும் இல்லம்மா, மோட்டார்தான்."

சாதாரணக் கட்டணத்தில்தான் இருந்தோம். யூனிட் ஏறினால் விலை ஏறும் என்று தெரிந்தவள் நான். ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். பாடசாலை விட்டு வந்ததும் போடுவாள், ஐந்து மணிக்கு நான் சொல்லாமலே கழற்றிவிடுவாள். பெட்டரி ஒரு நாளும் நிரம்பியதில்லை. போய் வர அது போதும். என்றாலும் திரையில் பெட்டரி முப்பது வீதம், இருபத்தைந்து வீதம் என்று இறங்குவதை நான் தினமும் எட்டிப் பார்ப்பேன். மாலை ஏற்றத்தில், மழையில், பெரகலைக்கு மேலே எங்கேயாவது நின்றுவிட்டால் என்ன செய்வாள்?

எங்கள் வீட்டில் மூன்றே பேர். ஆறரைக்கு மேல் ஒரு பல்பு, ஒரு டி.வி. என் கணவர் ஒன்பதுக்குத் தூங்கிவிடுவார். என் கேள்விகளுக்கெல்லாம் எங்கள் வீடே சரியான பதிலாக இருந்தது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த நான் எங்கள் வீட்டுக்கும் எழுதினேன். ஒரு வெள்ளிக்கிழமை புதிய மீட்டர் வந்தது. கணவர் கடையில் ஒரு நேரசுவிட்ச் வாங்கி வந்தார். பத்தரைக்குத் தானாகத் தொடங்கும்படி, ஐந்தரைக்குத் தானாக நிற்கும்படி திருப்பி வைத்தோம்.

ஞாயிறு மாலை நான் மகளிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இனிமே மிச்சம் பார்க்காத. ராத்திரி முழுக்க கெடக்கட்டும். நிரப்பிக்கிட்டுப் போ. எனக்கு நிம்மதியா இருக்கும்."

திங்கட்கிழமை காலை திரையில் நூறு என்று இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினேன். வழக்கமாக அவள் என்னை ஹப்புத்தளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத்தான் கீழே போவாள். நான் பதுளைக்கு ரயில் எடுப்பேன். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை சின்ன இறக்கம். பாதி வழியில் அவள் சொன்னாள்:

"இன்னைக்கு வண்டி கொஞ்சம் வழுக்குற மாதிரி இருக்கும்மா."

"ராத்திரி மழை பெஞ்சுச்சுல்ல" என்றேன் நான்.

திரையில் ஏதோ புதிய எழுத்து வந்து போனது. ஜப்பானிய எழுத்து. தினமும் ஏதாவது வந்து போகும். இருவரும் பார்த்தோம். இருவரும் விட்டுவிட்டோம்.

ரயில் தாமதம். பிளாட்போமில் தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

"அம்மா, எனக்கு ஒன்னும் இல்ல" என்றாள்.

நல்ல சேதியை யாரும் அப்படித் தொடங்குவதில்லை. தேத்தண்ணீரை எங்கே வைத்தேன் என்று இன்று வரை நினைவில்லை.

அவள் சொன்னது இதுதான். டவுனைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் கார் வழக்கம் போல் நிதானிக்கவில்லை. காலை எடுத்தும் ஓடிக்கொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்தாள். வளைவுக்கு வளைவு மிதித்தாள். ஐந்தாறு வளைவு கடந்ததும் கருகிய வாடை வந்தது. அதற்கடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது, பலகையை மிதிப்பது போல் இருந்ததாம். கால் அழுத்துகிறது, வண்டி கேட்கவில்லை. எதிரே பஸ் ஏறி வருகிற சத்தம். அந்த வளைவுக்குச் சற்றுக் கீழே, மலைப் பக்கமாக ஒரு தோட்டப் பாதை மேலே ஏறிப் போகும். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி வந்து போகிற பாதை. அதற்குள் திருப்பிவிட்டாள். ஏற்றம் காரை வாங்கி நிறுத்திவிட்டது. கைபிரேக்கை இழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாளாம்.

நான் ஒரு ஆட்டோவைப் பிடித்து இறங்கினேன். ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்து வேகமாக ஓட்டத் தொடங்கினார். "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் தேயிலைக்கு ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். முன் சக்கரங்களிலிருந்து இன்னும் சன்னமாகப் புகை வந்தது. பின் சக்கரத்துக்கு யாரோ கல் வைத்திருந்தார்கள். வைத்தவர் பக்கத்திலேயே நின்றார். கொழுந்து லொறி டிரைவர், மாரிமுத்து என்று பெயர் சொன்னார். அவர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தத் திட்டைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. பெரிதாக ஏதும் நடந்திருந்தால் அப்படித் திட்டமாட்டார்.

"டீச்சர், இந்த எறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வரலாமா? கியர குறைச்சுப் போட்டு எறங்கணும்."

"கியர் இல்லண்ணே."

"எந்தக் கியர் இல்ல?"

"ஒரு கியரும் இல்ல. இந்த வண்டிக்கு கியரே கெடையாது."

மாரிமுத்து காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். "கியர் இல்லாத வண்டிய எடுத்துக்கிட்டு பெரகலைக்கு எறங்குறீங்க" என்றார். "நல்ல தைரியந்தான்."

அவர்தான் போன் பண்ணிப் பெரகலையிலிருந்து கராஜ் பாஸை வரவழைத்தார். மெக்கானிக்கை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நான் அதற்குள் காரை விற்றவரை மனதுக்குள் ஏசி முடித்திருந்தேன். பழுதான பிரேக்கைத் தலையில் கட்டிவிட்டான், விடக்கூடாது, வழக்குப் போட வேண்டும். பாஸ் சக்கரம் ஆறும் வரை காத்திருந்து, கழற்றிப் பார்த்து, குனிந்தபடியே சொன்னார்:

"பிரேக்ல ஒரு குத்தமும் இல்ல. சூடு ஏறித்தான் புடிக்காம போயிருக்கு. நேத்து சார்ஜ் எவ்வளவு போட்டீங்க?"

"ஃபுல்லா" என்றாள் மகள்.

"முந்தியும் ஃபுல்லாத்தான் போடுவீங்களா?"

"இல்ல பாஸ். நேத்துதான் மொதல் தடவ."

"யாரு ஃபுல்லா போடச் சொன்னது?"

தர்ஷினி எதிர் மலையைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

"நீங்க என்ன வேல பாக்குறீங்க?"

"கரண்ட் ஒபீஸ்ல. கார் வச்சிருக்கவங்களுக்கு எந்தக் கட்டணம் நல்லதுன்னு சொல்ற வேல."

பாஸ் கையைத் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரிதான்" என்றார்.

பிறகு மகள் பக்கம் திரும்பினார். மகளுக்குத்தான் விளக்கினார். இறக்கத்தில் காலை எடுத்ததும் காரைப் பிடித்து இழுப்பது அதன் மோட்டார். இழுக்கிற வேலையில் மின்சாரம் உண்டாகிறது, அது பெட்டரிக்குள் போகிறது. பெட்டரியில் இடம் இருந்தால்தான் அது உள்ளே போகும். இடம் இல்லை என்றால் மோட்டார் இழுப்பதை விட்டுவிடும். "பந்தியில வயிறு முட்ட தின்னு எழும்புனவனுக்கு திரும்பவும் எல போட்டா என்ன செய்வான்? அதான் உங்க வண்டியும் செஞ்சிருக்கு. அத திரையில எழுத்துல சொல்லியுமிருக்கும், பார்த்தீங்களா?"

பார்த்தோம். ஜப்பானிய மொழியில் பார்த்தோம்.

"நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவம்மா. எனக்கே தோணல" என்று வீடு திரும்பும் வழியில் மகள் சொன்னாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் அவளிடம் அந்த ஆலோசனையைச் சொன்னது விஞ்ஞானம் அல்ல, நான். சமதரையில் கார் ஓடுகிற ஊருக்கு எழுதிய கணக்கை மலைக்கு மேலே இருக்கிற வீட்டில் போட்டேன். நிரம்பிய கார் பத்திரமானது என்று நினைத்தேன். எங்கள் வீட்டு வாசலில், காலை ஆறரை மணிக்கு, அதைவிட ஆபத்தான ஒன்று இல்லை.

தம்பி தங்கச்சிகளே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான்.

அன்று மத்தியானம் வீட்டில் படுத்திருந்தபோது எனக்கு இன்னொன்று உறைத்தது. இதே ஆலோசனையை நான் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன். "பத்தரைக்குப் பிறகு போடுங்க, காலையில நிரம்பியிருக்கும்." வாய்ப்பாடு மாதிரி சொன்ன வார்த்தை. அவர்களில் எத்தனை பேர் மலைக்கு மேலே இருக்கிறார்கள்?

மறுநாள் அலுவலகத்தில் கோப்புகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். பக்கத்து மேசையில் இருந்த ஒரு நண்பர், நல்ல மனிதர், என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம வேல கட்டணம் சொல்றது மிஸ். பிரேக்கு நம்ம வேலையா? நீங்களா போன் போட்டு சொன்னீங்கன்னா, நாளைக்கு எவனாவது எங்கயாவது இடிச்சாலும் உங்க பேரத்தான் சொல்லுவான்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்து நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். என் பெயர் வருமே என்று பயமாகத்தான் இருந்தது. பிறகு அந்தத் தோட்டப் பாதையை நினைத்தேன். எல்லா வளைவிலும் அப்படி ஒரு பாதை இருப்பதில்லை. முதல் இலக்கத்தை அழுத்தினேன்.

அன்றும் மறுநாளுமாக எல்லாருக்கும் பேசினேன். சிலர் தங்கள் கார் அதைத் தானே சமாளிக்கிறது என்றார்கள். எல்ல ஊர்ப் பக்கத்தில் ஒருவர், "அதானா மிஸ்? நான் பிரேக் சரியில்லன்னு ரெண்டு தடவ கராஜுக்கு குடுத்துட்டேன்" என்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "எல்லாம் சரி மகள், ஆனா என் வீடு கீழ இருக்கு. நான் காலையில மேல ஏறிப் போறவன். எனக்கு எதுக்கு இந்தக் கதை?" என்றார். அவர் கேட்டது சரி. அவருக்கு நிரம்பிய பெட்டரிதான் வேண்டும். அவர் கேட்ட பிறகுதான் என் கேள்வி சரியான உருவத்துக்கு வந்தது. வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் போதாது. காலையில் வாசலை விட்டு வெளியே வந்ததும் முதலில் ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா? இறங்குகிறவர் என்றால், பெட்டரியில் இடம் விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். திரையில் வருகிற எழுத்து வாசிக்கத் தெரியாதது என்றால், தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவையாவது காட்டச் சொல்லுங்கள்.

இதை நான் கேட்கத் தொடங்கியபோது, மீட்டருக்கு மேடு பள்ளம் தெரியுமா என்று கேலி பேசினார்கள். பேசட்டும். மீட்டருக்குத் தெரியாததால்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் கட்டணத்தை நான் திரும்ப மாற்றவில்லை. கட்டணத்தில் பிழை இல்லை. நேரசுவிட்சை மட்டும் முன்னதாகவே நிற்கும்படி திருப்பினோம். பாஸ் பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போட்டு, பெரகலைக்கும் ஹப்புத்தளைக்கும் நடுவில் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுக் காரைக் கொண்டுவந்து விட்டார். கார் வாசலில் நின்றது. நான்தான் மகளைப் போக விடவில்லை. இரண்டு வாரம் பஸ்ஸில் போனாள்.

"பஸ்ஸும் அதே எறக்கத்துலதான் எறங்குதும்மா" என்றாள் ஒரு நாள்.

"பஸ்ஸுக்கு கியர் இருக்கு."

"மாரிமுத்து அண்ணன் உங்கள கெடுத்து வச்சிட்டாரு."

அவள் அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "உங்கம்மா அவர்கிட்ட டிரைவிங் சோதனை பாஸ் பண்ணிட்டா. இனி யார் வந்தாலும் கியர காட்டுங்கன்னுதான் கேப்பா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னையும் ஏற்றிக்கொண்டாள். கீழே போய்த் திரும்புவோம், பக்கத்திலேயே இருந்து பாருங்கள் என்றாள். பெட்டரி எழுபத்தொன்று. டவுனைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் அவள் காலை எடுத்தாள். கார் நிதானித்தது. யாரோ பின்னால் இருந்து பிடிப்பது போலத்தான் இருந்தது. நான் கதவுப் பிடியை விடவில்லை. அந்தத் தோட்டப் பாதையைக் கடக்கும்போது திரும்பி அதைப் பார்த்தேன். பெரகல சந்தியில் பழக்கடைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"திரைய பாருங்க."

எழுபத்து மூன்று என்று இருந்தது. புறப்பட்டபோது இருந்ததை விட அதிகம்.

"இந்த ரெண்டுக்கு எந்த நேரத்துக் கட்டணம் போடுவீங்க, மிஸ்? உச்ச நேரமா, மலிவு நேரமா?"

"அதுக்கு படிவம் இன்னும் அடிக்கல" என்றேன். அன்றுதான் பல நாட்களுக்குப் பிறகு பசித்தது. அங்கேயே ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டோம். திரும்பி ஏறும்போது ஏற்றம் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு, மேலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. அது முறைதான்.

அதற்குப் பிறகு நான் அதிக நாள் வேலையில் இருக்கவில்லை. வயதுக்கு முன்னதாகவே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் காலைதான் காரணமா என்று சிலர் கேட்டார்கள். ரயிலும் முழங்காலும்தான் காரணம் என்று சொல்லியிருக்கிறேன், அது பெரும்பாலும் உண்மை. இப்போது காலையில் வாசலில் நின்று அவளை அனுப்புகிறேன். புறப்படும்போது திரையில் இருக்கிற இலக்கத்தைப் பார்த்துக்கொள்வேன். அவள் ஹல்துமுல்லைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவாள். அதில் வணக்கம் இருக்காது, வந்துவிட்டேன் என்ற வார்த்தையும் இருக்காது. ஒரு இலக்கம் மட்டும் இருக்கும். நான் பார்த்ததை விட அது கூடுதலாக இருந்தால், வழி நெடுக இறக்கம் அவளைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை எழுபத்தொன்றுடன் போனாள். எழுபத்து நான்கு என்று வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.